பரஸ்தானம் வைத்த நாய்

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கோ."

"தப்பா எடுத்துக்கப்படாது."

"தப்பா இருந்தா எடுத்துப்பேன். அதுக்காகக் கேக்காம இருக்காதீங்கோ."

ஏரிக்கரை பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சீதாராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மப்ளரை அவிழ்த்து மறுபடியும் கழுத்தில் சுற்றினார்.

"புதுப் பஞ்சாங்கம் வந்துடுத்தா, லேக் மார்க்கெட் கடையிலே?"

மீனாக்ஷி டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வந்துடுத்து," என்றாள். அப்போதே எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தாள்.

இது நடந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. அதன்பிறகு இதே மாதிரித் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் மிக்ஸி ரிப்பேர் பற்றிக் கேட்டிருக்கிறார். குழாய் ரிப்பேர்காரனின் நம்பர் கேட்டிருக்கிறார். ஒருமுறை, கத்தரிக்காயைச் சுடும்போது எண்ணெய் தடவ வேண்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து உட்கார்ந்து ஏமாந்திருக்கிறேன்.

அவர் கேட்க வந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரைக்குக் கிளம்புகிற சாயங்காலங்களில் அவர் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். மூக்கு இருக்கிற யாருக்கும் அது போதும். எனக்கு வாய் இருக்கிறது, பேச்சு இல்லை. பேச்சு இருக்கிற மனிதர் அறுபத்தேழு வயதில் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் கோபம் வருமா வராதா?

என் பெயர் பொல்ட்டு. லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்துக் காவலாளி முகமது இஸ்மாயில் வைத்த பெயர் அது. சீதாராமனின் மனைவி என்னை ரயில்வே கேட் அருகிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது நான் கையளவு இருந்தேன். அவள் போய் ஆறு வருஷமாகிறது. அப்புறம் இரண்டாவது மாடியில் அவரும் நானும்தான். கீழ்த்தளத்தில் மீனாக்ஷி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல், அம்மாவைப் பார்த்துக்கொண்டு, பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுப் பிள்ளை கிரீஷுக்கும் அவள்தான் கணக்கு டீச்சர். வங்காளிப் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி, அவன் அவளை மாஷி என்பான்.

அந்த கிரீஷ்தான் போன வாரம் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான், அப்பாவை அழைத்துக்கொண்டு போக. போன மழைக்காலத்தில் சீதாராமன் குளியலறையில் மயங்கி விழுந்தார். நான் குரைத்த குரைப்பில் இஸ்மாயில் ஓடி வந்தான், டீச்சர் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அன்றிலிருந்து கிரீஷ் போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "இனிமே நீ அங்கே தனியா இருக்க வேண்டாம்."

வரமாட்டேன் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. என்னை இழுத்தார்.

"பொல்ட்டு இல்லாம நான் வரமாட்டேன்டா. அவனை ஃப்ளைட்லே கூண்டுலே அடைச்சு சரக்கோட போடுவா. அவனுக்கு வயசாயிடுத்து, தாங்க மாட்டான்."

எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பெயர் வயதாவதா? அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார் பாவம். கிரீஷ் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, மாடிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த எங்கள் பழைய காரை மெக்கானிக்கிடம் விட்டு எடுத்தான். "நானே ஓட்டிண்டு போறேன். நாலு நாள். பொல்ட்டு பின்சீட்டுலே ராஜா மாதிரி வரட்டும். வியாழக்கிழமை கிளம்பறோம்."

சாக்கு தீர்ந்தது. அடுத்த சாக்கைத் தேடிப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"வியாழக்கிழமை தெற்கே சூலம்டா. தெக்குப் பக்கம் பிரயாணம் கூடாது."

"அப்பா, எனக்கு லீவு தீர்ந்துடும்."

"சூலம்னா சூலம்தான்."

கிரீஷ் சண்டை போடவில்லை. பெங்களூருக்குப் போன் பண்ணினான். அவன் மனைவி சங்கவியின் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. முதல் நாளே நல்ல வேளை பார்த்து ஒரு பையைப் பக்கத்து வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டால் போதும், புதன்கிழமையே கிளம்பிவிட்டதாகத்தான் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியது. வைத்ததை வீட்டுக்குத் திருப்பி எடுத்து வரக் கூடாது, அவ்வளவுதான்.

சீதாராமனுக்குத் தெரியாத விஷயமா இது? நாற்பது வருஷம் பாங்கில் இருந்து, ஒவ்வொரு மாற்றலுக்கும் பரஸ்தானம் வைத்துக் கிளம்பினவர். மறந்துபோன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இந்தா, இதை வை," என்று கிரீஷ் தன் ஆபீஸ் பையை எடுத்து நீட்டினான். "முக்கியமான சாமானைத்தானே வைக்கணும்? லேப்டாப்பைவிட முக்கியமா எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

புதன்கிழமை சாயங்காலம் கிரீஷும் அவரும் அந்தப் பையோடு கீழே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். பையை டீச்சர் வீட்டு வாசலுக்கு உள்ளே, செருப்பு அலமாரிமேல் வைத்தார்கள். நானும் உள்ளே போய்ச் சமையலறையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், சீதாராமன் கையைக் காட்டி என்னைத் தடுக்கிறார்.

"பரஸ்தானத்தோட வாசப்படி தாண்டிட்டான். இனிமே இவனைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிண்டு போகப்படாது. இங்கேயே இருக்கட்டும், டீச்சர், காலம்பற வரைக்கும்."

அதாவது நானும் ஒரு பை. மாடியில் என் கிண்ணம், நான் படுக்கிற கோணி, பால்கனியில் என் மூலை. எல்லாவற்றையும் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட விடவில்லை. ஒரு நாள் தள்ளிப்போடக் கிடைக்காதா என்றுதானே இந்தச் சூலத்தையே எடுத்தார்? அது என் தலையில் விடிந்தது. கதவு மூடினதும் நான் அதைப் பிராண்டினேன். டீச்சர் நான் பிராண்டி ஓயும்வரை காத்திருந்துவிட்டு, மறுநாள் பிரயாணத்துக்காக இட்லி தட்டில் மாவை ஊற்ற ஆரம்பித்தாள்.

"உன்னை வெச்சுட்டுப் போயாச்சு. பையை வெச்சுட்டுப் போயாச்சு," என்றாள் என்னிடம். "வாயைத் திறந்தாரா பாரு."

நான் வாலை ஆட்டவில்லை. எனக்கும் அதே கோபம்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

"கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? நானே கேக்கலாம்தான். நாளைக்கு அவர் பிள்ளை, மாஷி எங்கப்பாவைப் பிடிச்சு வெச்சுண்டுட்டான்னு சொல்லுவான். அது வேண்டாம் எனக்கு." இட்லி தட்டை டங்கென்று குக்கரில் வைத்தாள். "அவர் கேக்கணும். கேக்கத் தெரியலேன்னா பெங்களூர்லே போய் பேரனுக்கு ஸ்கூல் பஸ் ஏத்தட்டும்."

காலை ஆறு மணிக்கு ஒரே அமளி. கிரீஷ் பெட்டிகளைக் காரில் அடைத்தான். இஸ்மாயில் டீச்சர் வீட்டுக்கு வந்து என் கழுத்துப்பட்டையைப் பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினான். டீச்சர் கார் கதவருகே நின்று மிளகாய்ப்பொடி தடவின இட்லிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"காரம் ஜாஸ்தியா இருக்கும்."

"பரவாயில்லை, டீச்சர்."

"தண்ணி நிறையக் குடியுங்கோ."

"ஆகட்டும்."

மூன்று வருஷத்துக் கதை காரம், தண்ணீரில் முடிந்தது. நான் குரைத்தேன். செருப்பு அலமாரிமேல் பை அப்படியே உட்கார்ந்திருந்தது. பைக்காகக் குரைத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். வெறும் கோபத்தில்தான் குரைத்தேன்.

"பொல்ட்டு, சும்மா இரு," என்று கிரீஷ் வண்டியைக் கிளப்பினான்.

ராஷ்பிஹாரி தாண்டுவதற்குள் சீதாராமனின் சட்டைப்பை நடுங்கியது. போனை எடுத்துப் பெயரைப் பார்த்தார், உள்ளே போட்டார், உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார். இரண்டாவது ஹூக்ளி பாலத்தின்மேல் மறுபடி நடுங்கியது. அமுக்கினார். கோனா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மூன்றாவது தடவை. நான் முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி அவர் முழங்கையை மூக்கால் இடித்தேன். எடுங்கள். யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"என்னடா, இட்லி வேணுமா?" என்றார்.

இட்லி. நான் பின்னால் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன். துலாகட் டோல்கேட் வந்தது, போனது. வெளியே எல்லாம் டீசல் வாசனை, இடையிடையே குளத்து வாசனை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எனக்குத் தெரிந்த வாசனை ஒன்று கழன்று விழுந்துகொண்டே வந்தது. ஏரியின் பாசி போயிற்று. மீன் மார்க்கெட் போயிற்று. இஸ்மாயிலின் பீடி போயிற்று. கடைசியில், இட்லிப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த டீச்சர் கை வாசனை மட்டும் பாக்கி.

கோலாகாட்டில் ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். கிரீஷ் டீக்குச் சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தான். ஆபீசில் யாரோ ஒரு ஃபைல் கேட்டிருந்தார்கள். டிக்கியைத் திறந்தான். ஒரு பெட்டியை இறக்கினான். இன்னொன்றை இறக்கினான். குக்கரை இறக்கினான். என் அரிசி மூட்டையைக்கூட இறக்கினான்.

"அப்பா, என் லேப்டாப் பை எங்கே?"

சீதாராமன் டீ கிளாஸை வாயருகே கொண்டு போனவர் அப்படியே நிறுத்தினார். "பரஸ்தானம் வெச்சியேடா."

"எடுக்கலையா நீ?"

"நீதானே சாமான் ஏத்தினே? என் பெட்டி, உன் பெட்டின்னு எண்ணி எண்ணி?"

"நீதானே சூலம்னு சொன்னே?"

"சூலம்னேன். ஆபீஸ் பையை வைன்னா சொன்னேன்? இதைவிட முக்கியமா ஒண்ணும் இல்லைன்னு நீதான் நீட்டினே."

கிரீஷ் குக்கரை உதைத்தான். மூடி உருண்டு போய் ஒரு தாபா நாயின் முன்னால் விழுந்தது. அது என்னைப் பார்த்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

"நாளைக்கு கிளையன்ட் மீட்டிங்பா. பதினொரு மணிக்கு. ஹோட்டல்லேர்ந்து பேசறதாச் சொல்லியிருக்கேன். எல்லாம் அதுலேதான் இருக்கு." தலையைப் பிடித்துக்கொண்டான். "மாஷி பார்த்திருப்பாளே. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ராஷ்பிஹாரிலேயே திரும்பியிருப்பேனே."

சீதாராமன் டீயைப் பார்த்தார். "அவகிட்ட உன் பெங்களூர் நம்பர் கிடையாது."

"உன் நம்பர்?"

அவர் கை சட்டைப்பைக்குப் போயிற்று. கிரீஷ் எட்டி அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். பார்த்தான். குரல் தணிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"ஆறு மிஸ்டு கால். மீனாக்ஷி டீச்சர், மீனாக்ஷி டீச்சர், மீனாக்ஷி டீச்சர். கையாலே தொட்டுத் தொட்டுப் பார்த்துண்டே வந்தியே. ஏன் எடுக்கலை?"

"போயிட்டு வாங்கோன்னு சொல்லத்தான் கூப்பிடறாளாக்கும்னு நினைச்சேன்."

"சொன்னா என்ன? சரின்னு சொல்றதுதானே?"

"என்னாலே சொல்ல முடியாதுன்னு எடுக்கலை."

கிரீஷுக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்கிற நிலையிலும் அவன் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப டிக்கியில் வீசி, காரைத் திருப்பினான்.

வந்த வழியே திரும்பின அந்த இரண்டு மணி நேரம் காருக்குள் மூச்சு விடமுடியவில்லை. முதலில் கிரீஷ் பொரிந்தான்.

"நீ விழுந்து கிடந்தப்போ நான் மீட்டிங்லே இருந்தேன். இஸ்மாயில் அண்ணாதான் போன் பண்ணினார். என்ன ஆச்சுன்னு தெரியாம மூணு மணி நேரம் ஏர்போர்ட்லே உட்காந்திருந்தேன். அது உனக்குத் தெரியுமா? உன்னை என்ன ஜெயிலுக்கா கூட்டிண்டு போறேன்?"

"அங்கே மட்டும் யார் இருக்கா? நீயும் சங்கவியும் காலம்பற போனா விளக்கு வெச்சுதான் வரேள். பாத்ரூம் பெங்களூர்லேயும் வழுக்கும்டா."

"வழுக்கினா நான் அரை மணியிலே வருவேன். இங்கே யார் இருக்கா உனக்கு? சொல்லு. யார் இருக்கா?"

நான் எழுந்து நின்றேன். இதைவிடச் சுலபமாக ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்க முடியாது. ஒரே ஒரு பெயர். சீதாராமன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கோனா ரோட்லே இந்த நேரத்துக்கு டிராஃபிக் ஜாஸ்தி," என்றார்.

அவ்வளவுதான். பொறுத்தது போதும் என்று நான் குரைக்க ஆரம்பித்தேன். பாலம் முழுக்கக் குரைத்தேன். கிரீஷ் கத்தினான், சீதாராமன் கெஞ்சினார், தண்ணீர் காட்டினார், இட்லி காட்டினார். நிறுத்தவில்லை. மூன்று வருஷம் சேர்த்து வைத்திருந்தது. தொண்டை கட்டினபிறகுதான் ஓய்ந்தேன். அப்போது கார் லேக் கார்டன்ஸில் நுழைந்துவிட்டது.

கேட்டருகே இஸ்மாயிலின் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுப்புப் பை. கார் நின்றும் எழுந்திருக்கவில்லை.

"ஆறு தடவை அடிச்சேன்," என்றாள் சீதாராமனைப் பார்த்து. "ஆறு தடவை அடிச்சாக்கூட எடுக்கமாட்டேளா? கிளம்பின அன்னிக்கே நான் வேண்டாதவளாயிட்டேனா?"

"இல்லை, டீச்சர். அப்படி இல்லை."

"பின்னே எப்படி?"

அவர் காலைப் பார்த்தார். டீச்சர் பையைக் கிரீஷிடம் நீட்டினாள். "இந்தா. எண்ணிப் பார்த்து எடுத்துக்கோ. கணக்குலே எப்பவுமே ஒண்ணை விட்டுடுவே நீ."

"தேங்க்ஸ், மாஷி. உள்ளே வரலை. உடனே கிளம்பறோம்." கிரீஷ் பையை வாங்கக் கதவைத் திறந்த அந்த இடைவெளியில் நான் குதித்தேன். நேரே போய் டீச்சர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"பொல்ட்டு, வா."

நான் வரவில்லை. அவன் வந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். என்னைத் தோளில் ஏற்றிக்கொள்ளாத குறையாக வளர்த்தவன் அவன். அவன் கால்மேல் தூங்கியிருக்கிறேன். ஆனாலும் பல்லைக் காட்டினேன். அடிவயிற்றிலிருந்து உறுமினேன். அவன் கையை உதறிப் பின்னால் போனான்.

"கடிக்க வரான்பா இவன். என்னையே கடிக்க வரான்."

"பாய், ராக் கொரிஷ் நா," என்றான் இஸ்மாயில் என் பக்கம் குனிந்து. கோபப்படாதே தம்பி என்கிறான். அவனுக்கென்ன.

கிரீஷ் வெயிலில் நின்று நெற்றியைத் துடைத்தான். திடீரென்று களைத்துப்போன மாதிரி இருந்தான். "சரி. இவன் வரவேண்டாம். மாஷி, இவனை நீங்க வெச்சுக்கறேளா?"

"வெச்சுக்கறேன்," என்றாள் டீச்சர். "இருக்கேன்னு சொல்றவாளைத்தானே வெச்சுக்க முடியும்."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அப்போ காரே வேண்டாம்," என்றான் கிரீஷ். போனை எடுத்துவிட்டான். "இவனுக்காகத்தானே நாலு நாள் ரோட்லே போறதா இருந்தது. அப்பா, சாயங்காலம் ஃப்ளைட் இருக்கு. ரெண்டு சீட் காட்டறது. ஆறரை மணி. ராத்திரி வீட்டுலே சாப்பிடலாம்."

என்ன காரியம் செய்தேன்? நான் உட்கார்ந்தால் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் பிடித்துக்கொண்டிருந்த கடைசிச் சாக்கையும் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இனி அவர் காரைச் சொல்ல முடியாது, சூலத்தைச் சொல்ல முடியாது, என்னைச் சொல்ல முடியாது. நான் உறுமுவதை நிறுத்தினேன். வாசற்படியில் தலையை வைத்துச் சீதாராமனைப் பார்த்தேன். அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது டீச்சரை.

"பேர் போடறேன்," என்றான் கிரீஷ். "சீதாராமன், வயசு அறுபத்தேழு…"

"போடாதே."

"என்னப்பா?"

"டிக்கெட் போடாதேன்னேன்." அவர் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. இஸ்மாயில்கூட நிமிர்ந்துவிட்டான். "யார் இருக்கா, யார் இருக்கான்னு வழியெல்லாம் கேட்டியே. வாயிலே வந்ததைச் சொல்லாம டிராஃபிக்கைச் சொன்னேன். உன்கிட்ட பயம் எனக்கு. நீ என்ன நினைப்பியோ, சங்கவி என்ன நினைப்பாளோ, தமிழ்ச் சங்கத்துலே என்ன பேசுவாளோன்னு. இந்த வயசுலே பெத்த பிள்ளைகிட்ட பயந்துண்டு அவ போனை எடுக்காம இருந்தேன். எனக்கே என்மேலே ஆத்திரமா வரது."

கிரீஷ் போனைத் தாழ்த்தினான். அப்பாவைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான்.

சீதாராமன் காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்றே எட்டுதான். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைக்கவில்லை.

"மீனாக்ஷி," என்றார். "நான் எங்கேயும் போகலை. உங்களோட இருக்கணும்னு எனக்கு மூணு வருஷமா ஆசை. என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேளா?"